தோள் நோவுக்கு ஒரு காரணம்

நோவுக்கு மருந்து சொல்லாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. காய்ச்சல் என்றால் டொக்டரிடம் போகச் சொல்வார்கள். மூட்டு நோவு, தசைப்பிடிப்பு, இடுப்பு உளைவு என்று வாயைத் திறந்தால் போதும், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத மனுசிகூட வைத்தியர் ஆகிவிடுவார். நான் ஆரம்ப வகுப்பு ஆசிரியை. கரும்பலகைக்கு நிமிர்ந்தும் பிள்ளைகள் உட்காரும் சின்னக் கதிரைகளுக்குக் குனிந்தும் எனக்கே ஒரு கழுத்து நோவு இருக்கிறது. அதற்கு இதுவரை கிடைத்த ஆலோசனைகளை எல்லாம் கேட்டு நடந்திருந்தால் நோவோடு கழுத்தும் போயிருக்கும். ஆனால் சொல்ல வந்தது என் கழுத்தைப் பற்றி அல்ல, என் கணவரின் வலது தோளைப் பற்றி. அந்தத் தோளால் அவர் என் வீட்டை விட்டே போனார். அவர் எனக்கு மிஞ்சுவாரா மாட்டாரா என்று தெரியாமல் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தேன்.

அவர் எங்கள் ஊருக்கு வடக்கே, பனிச்சங்கேணிக்காரர். எனக்கு முதல் நியமனம் அதை அடுத்த வாகரைப் பக்கத்தில் கிடைத்தது. அங்கே போன இடத்தில் நான் அவரைக் கண்டேன், அவரும் என்னைக் கண்டார், மற்றதை இரண்டு வீட்டாரும் சண்டை பிடித்து முடித்து வைத்தார்கள். எங்கள் பக்க வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணத்தோடு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். அப்படித்தான் அவர் எங்கள் பெரியகல்லாற்றுக்கு வந்தார். கணவரை வீட்டுக்காரர் என்கிறோம், வீட்டு உறுதிப் பத்திரத்தில் இருப்பது மனைவியின் பெயர். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் காட்டுவதில்லை. சொல்லிக் காட்டாவிட்டாலும் ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் அது தெரியும். வந்த ஊரில் அவருடைய மரியாதை அவர் விடிய எழும்பி வெளியே போவதில் இருக்கிறது. வெயில் ஏறிய பிறகும் வீட்டில் காணப்படும் மாப்பிள்ளையை ஊர் ஒரு மாதிரித்தான் பார்க்கும்.

அவர் போவது ஆற்றுக்கு. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். தோணியில் தனியாகப் போய் வீச்சுவலை எறிவார். வலையில் ஒரு பங்கை இடது முழங்கையில் போட்டு, ஈயம் கோத்த ஓரத்தில் கொஞ்சத்தைப் பல்லால் கடித்து, மிச்சத்தை வலது கையில் பிடித்து, இடுப்பைத் திருப்பி எறிய வேண்டும். வலை தண்ணீரில் வட்டமாக விழுந்தால் எறிந்தவர் கெட்டிக்காரர். நீளமாக விழுந்தால் கரையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். இவர் எறிந்தது எப்போதும் வட்டமாகவே விழும். வடக்கிலிருந்து வந்த மனுசனை எங்கள் ஊர் தன் ஆளாக எடுத்துக்கொண்டது அந்த வட்டத்தைப் பார்த்துத்தான்.

நோவு தொடங்கியது ஒரு மாசி மாதத்தில். முதலில் கவனித்தது நான்தான். சேர்ட் போடும்போது வலது கையை முதலில் நுழைத்து, பிறகு மற்றக் கையை விடத் தொடங்கினார். தலை சீவ இடது கையை எடுத்தார். கிணற்றடியில் நின்று முதுகுக்குச் சவர்க்காரம் போட என்னைக் கூப்பிட்டார். இத்தனை வருடமாகக் கூப்பிடாத மனுசன் கூப்பிட்டதும் நான் வேறு ஏதோ நினைத்துச் சந்தோசப்பட்டேன். பிறகுதான் கை பின்னால் போகவில்லை என்று விளங்கியது. வலப்பக்கம் சரிந்து படுக்கவும் முடியவில்லை. என்ன நடந்தது என்று கேட்டேன்.

“துறையில வழுக்கிட்டுது. கல்லில தோள் அடிபட்டுப் போச்சு” என்றார்.

தோணித்துறையில் ஒரு கல் இருக்கிறது, எப்போதும் பாசி பிடித்துக் கிடக்கும். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேலையைத் தூக்கிச் செருகி, தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் கொண்டுபோய் அந்தக் கல்லைத் தேய்த்துக் கழுவினேன். துறைக்குப் பக்கத்து வீட்டு வளவுக்காரரிடம், ஆட்கள் விழுந்து சாகட்டும் என்று பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களா என்று சண்டையும் பிடித்தேன். பாவம், அந்த மனுசன் ஒரு உரப்பை மணலைச் சுமந்து வந்து கல்லைச் சுற்றிக் கொட்டினார். என் கணவர் இதையெல்லாம் பார்த்தும் ஒன்றும் பேசவில்லை. நோவு கடுமை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்துகள் வரத் தொடங்கின. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தணம் கொடுத்தோம். கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்த அயலவர் ஒரு பச்சைத் தைலம் தந்தார். பூசினால் தோள் குளிர்ந்தது, கண் எரிந்தது, சோறுகூட அந்த மணம் மணத்தது. காத்தான்குடிக் கடையில் நோவெண்ணெய் வாங்கினோம். பார்மசியில் கேட்டு வாங்கிய குளிசை நோவைக் குறைத்து வயிற்றை எரித்தது, வயிற்றுக்கு வேறு குளிசை வாங்கினோம். பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்த ஆள் காலால் தடவிவிட்டால் சுளுக்கு எடுபடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்படிப் பிறந்த ஒருத்தி எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறாள், வங்கியில் வேலை. இந்தப் பதவியை அவள் விரும்பிக் கேட்கவில்லை. வேலைக்குப் போகும் அவசரத்தில், கைப்பையைத் தோளில் போட்டபடியே வந்து, ஒரு செருப்பை மட்டும் கழற்றி, பாயில் படுத்திருந்தவரின் தோளைக் காலால் வழித்துவிட்டு, “சரி மாமா, நான் வாறன், பஸ் போயிடும்” என்று ஓடினாள்.

இவற்றில் எதையும் நான் பழிக்கவில்லை. சூட்டு ஒத்தணம் கொடுக்கும் நேரம் அவருக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் கை வரவரக் கீழே இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். விழுந்த நோவுக்கு அங்கே என்ன செய்வார்கள் என்று தட்டிவிட்டார்.

ஊர் விசாரிக்க வந்தது. எங்கள் ஊர் விசாரணை கேலி பகிடியில்தான் தொடங்கும். “என்ன மச்சான், மாமி வீட்டில நல்ல ஓய்வு போல” என்று ஒருவர் வாசல் படலையடியில் நின்று கேட்டார். என் அம்மா செத்துப்போய் வருடக்கணக்கு, இருந்தாலும் அது மாமி வீடுதான். இவர் உடனே எழும்பி, எந்தக் கல், எப்படி வழுக்கியது, எந்தக் கையை ஊன்றினார், தோள் எந்த இடத்தில் இடித்தது என்று எல்லாம் விளக்கினார். வந்த ஒவ்வொருவருக்கும் விளக்கினார். சொல்லச் சொல்ல அந்த விழுகை பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் கேட்டவருக்குத் தோணியும் கவிழ்ந்து இருந்தது.

பிறகு பனிச்சங்கேணியிலிருந்து அவருடைய அக்கா வந்தார். மாப்பிள்ளைக்கு நீண்ட நாள் நோய் வருத்தம் என்றால் அவருடைய வீட்டு ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பது சில குடும்பங்களில் வழக்கம். பெண் வீட்டில் படுக்கையில் கிடப்பது அவருக்கும் நல்லதில்லை, பார்க்கிறவர்களுக்கும் நல்லதில்லை என்று ஓர் எண்ணம். அக்கா நல்ல மனுசி, குரல் எழும்பாது.

“குறை நினைக்காதீங்க மச்சாள். எங்கட பக்கத்தில ஒரு முறிவு வைத்தியர் இரிக்கார். கை சரி வந்த உடன கொண்டந்து விடுறன்.”

“நான் இஞ்ச பார்க்காமலா விட்டன்?”

“ஐயோ, அப்பிடிச் சொல்லுவனா நான்?”

இவர் அதற்கு முன்னரே உடுப்புகளை ஒரு பையில் எடுத்து வைத்திருந்தார். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்காமலே வெளிக்கிட்டு நிற்கிற ஆளிடம் என்னத்தைச் சொல்வது? “கை சரி வரட்டும், வாறன்” என்றார். சரி வராவிட்டால் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனார்கள்.

முதல் கிழமை ஏழு நாளும் எனக்கு நல்ல கோபம். கோபத்தில் அலுமாரியை எல்லாம் இழுத்து வைத்து வீடு கூட்டினேன், எனக்குப் பிடித்த கறிகளை ஆக்கி வயிறு நிறையச் சாப்பிட்டேன். பிறகு ஒரு ஆளுக்குச் சமைப்பது அலுத்துப்போய்க் கடைப் பாணுக்கும் சம்பலுக்கும் இறங்கினேன். மகள் கொழும்பில் வேலை. வீட்டில் நானும் ரேடியோவும். பள்ளிக்கூடத்தில், “வீட்டுக்காரர் எங்க டீச்சர், காணல்ல?” என்று கேட்டால், “வைத்தியத்துக்குப் போயிருக்கிறார்” என்று சொல்லிச் சொல்லி வாய் உளைந்தது. தனியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவும் பிடிக்கவில்லை.

சித்திரை விடுமுறையில் போய்ப் பார்த்தேன். இலைகளை அரைத்துத் தோளில் பத்துப் போட்டு, கையை மடித்து நெஞ்சோடு சேர்த்துத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தது. எண்ணெய் தோய்ந்த அந்தத் துணிக்குள் வலது கை முழுவதும் மறைந்து போயிருந்தது. அசைக்கக் கூடாது என்பது கட்டளை. பத்தியம் வேறு, இறால் இல்லை, கணவாய் இல்லை, தயிர் இல்லை. இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சோறு சாப்பிட்டார். அக்கா பக்கத்தில் இருந்து மீனில் முள் எடுத்து வைத்தார். அந்த வைத்தியர் தன் வேலை தெரிந்தவர் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கல்லில் விழுந்து அடிபட்ட தோள் என்று சொன்னால் அவர் கட்டுப் போடாமல் என்ன செய்வார்?

“எப்ப அவிழ்க்கிற?” என்று கேட்டேன்.

“இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமாம். அடி பலமாம்” என்றார் இவர், என் முகத்தைப் பாராமல்.

கட்டு அவிழ்த்த செய்தி அக்காவின் குரல் பதிவாக என் போனுக்கு வந்தது. “நோவு குறைவு மச்சாள். ஆனா கை எழும்புதில்ல.” உண்மைதான். நோவு குறைந்திருந்தது, தோள் துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் போல நின்றுவிட்டது. கையைத் தூக்கச் சொன்னால் தோள்பட்டை காதுவரை எழும்பியது, கை வரவில்லை. அந்த வைத்தியரே பார்த்துவிட்டு, இது என் வேலை இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

கிளினிக் நாளில் டவுன் ஆஸ்பத்திரிக்கு அவரும் அக்காவும் வடக்கிலிருந்து வந்தார்கள், நான் தெற்கிலிருந்து போனேன். எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒரு குறையும் இல்லை. இரத்தத்தில் சீனி ஏறியிருந்தது. அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். டொக்டர் இளம் ஆள், முகத்தில் களைப்பு. கையைப் பிடித்து மேலே, பக்கவாட்டில், வெளிப்பக்கம் என்று திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கமும் திரும்பவில்லை.

“எப்பிடி விழுந்தீங்க? கை ஊன்றினதா, தோளே அடிபட்டதா? சரியாச் சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரித்தான் பார்க்க வேணும்.”

நான் முந்திக்கொண்டு, துறையில், பாசி பிடித்த கல்லில் என்று தொடங்கினேன்.

“விழல்ல” என்றார் இவர்.

அக்கா அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் மேசையில் கிடந்த பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் விழல்ல டொக்டர். ஒண்டும் நடக்கல்ல. சும்மா நோகத் தொடங்கினது.”

டொக்டர் ஆச்சரியப்படவில்லை. “ஓம், இது அப்பிடித்தான் வாறது” என்றார். தோள்மூட்டைச் சுற்றி ஒரு பை போலச் சவ்வு இருக்கிறதாம். அது அழற்சி கண்டு, தடித்து, சுருங்கி, மூட்டைப் பிடித்துக்கொள்ளும். நாற்பது, ஐம்பது வயதில் வரும், சீனி உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாக வரும். பல பேருக்குக் காரணம் என்று காட்ட ஒன்றும் இருக்காது. நோகிறதென்று அசைக்காமல் வைத்தால் இன்னும் இறுகும், கட்டி வைத்தால் சொல்லத் தேவையில்லை. விடும், ஆனால் மெல்லத்தான் விடும், ஒரு வருடம் இரண்டு வருடம்கூட எடுக்கலாம். தோளுக்கு ஒரு ஊசி போட்டார், அதனால் சில நாளைக்குச் சீனி கூடலாம் என்று எச்சரித்தார், சீனிக்குக் குளிசை எழுதினார், பயிற்சிக்கு வேறு அறைக்கு அனுப்பினார்.

எனக்கு அந்த இடத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது. நான் கல் தேய்த்தது, வளவுக்காரரோடு சண்டை பிடித்தது, அந்த மனுசன் மணல் சுமந்தது, எல்லாம் நடக்காத ஒரு விழுகைக்கு. ஊரை ஏமாற்றினார், என்னை ஏமாற்றினார், வைத்தியரையும் ஏமாற்றி, நல்லாக இருந்திருக்க வேண்டிய கையைக் கட்டிப்போட வைத்தார். ஆஸ்பத்திரி என்பதால் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். அது எனக்குச் சுலபமான காரியம் இல்லை.

பயிற்சி அறையில் இருந்தது ஏறாவூர்ப் பிள்ளை ஒருத்தி. கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களை நடக்க வைத்து மேலே ஏற்றுவது, துவாயை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுப்பது என்று அவர் தனியாகச் செய்யக்கூடியதை முதலில் காட்டினாள். பிறகு, “இனி ஒரு ஆள் புடிச்சி செஞ்சி உடணும். வீட்டில ஆரு செய்யிற? அவங்க இங்கால வாங்க, காட்டித் தாறன்” என்றாள்.

அங்கே நாங்கள் இரண்டு பெண்கள் நின்றோம். எந்த வீடு என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

“அக்கா” என்றார் இவர்.

அக்கா போய் நின்று பழகினார். நான் சுவரோர வாங்கில் உட்கார்ந்து பார்த்தேன். நோவு தொடங்கும் இடம் வரை கையைத் தூக்கி, அங்கேயே பிடித்து, மூச்சு விடச் சொல்லி, தசை இளகக் காத்திருக்க வேண்டும். முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது. நோகிறதென்று முன்னாலேயே விட்டுவிடவும் கூடாது. கண்ணை எடுக்காமல் பார்த்து எல்லாவற்றையும் மனதில் எடுத்துக்கொண்டேன். அவர் சொன்ன அந்த ஒரு சொல் எனக்கு நொந்த நோவுக்கு எந்த ஒத்தணமும் சரிவந்திருக்காது. அன்று அவர்கள் ஒரு பஸ், நான் ஒரு பஸ்.

பிறகு ஒருநாள் அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

“மச்சாள், என்னால இதச் செய்ய ஒண்ணா. கையைத் தூக்கினா அவன் ‘ஆ’ எண்டுறான். எனக்குக் கண் கலங்குது, விட்டிடுறன். கை வைச்ச இடத்திலயே நிக்குது. நீங்க வந்து கூட்டிக்கொண்டு போங்களன்.”

“அவர் கேட்கட்டும், வாறன்.”

“அவனும் அதத்தான் சொல்லுறான். நீங்க கேட்கட்டுமாம், வாறானாம்.”

“அப்ப நான் கேட்க மாட்டன்.”

“ரெண்டு பேரும் அப்பிடியே இரிங்க. கை காய்ஞ்சு போகட்டும்” என்று சொல்லி அந்தக் குரல் எழும்பாத மனுசி போனை வைத்துவிட்டார். அந்தச் சனிக்கிழமையே தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து என் படலைக்குள் விட்டுவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் வந்த வழியே கிறுகிப் போனார்.

“கை சரி வரும் வரைக்கும்தான்” என்றார் இவர், செருப்பைக் கழற்ற முன்னரே. “ஓம்” என்றேன். உடுப்புகளை அலுமாரியில் வைக்கவில்லை, பையிலேயே வைத்து எடுத்தார். நானும் அதைக் காணாதது போல இருந்தேன்.

பள்ளிக்கூடம் போக முன்னும் வந்த பின்னும் எங்கள் வேலை தொடங்கியது. குளித்து, சுடுதண்ணீரில் நனைத்த துவாயைத் தோளில் போட்டு, மூட்டு இளகிய பிறகு செய்ய வேண்டும். சுவரில் அவருடைய விரல் ஏறிய இடத்தில் சோக்கால் கோடு போட்டேன். பிறகு பாயில் படுக்க வைத்து நான் பிடிப்பேன்.

“விடு புள்ள, விடு! உயிர் போகுது!”

“போகாது. மூச்சை விடுங்க.”

“ஆக்களக் கொல்லுறதுக்கா உனக்கு அரசாங்கம் சம்பளம் தருகுது?”

அயல்வீட்டுக்காரி மதில் மேலால் எட்டி, “டீச்சர், வீட்டில ஏதும் பிரச்சினையா?” என்று கேட்டாள். பிரச்சினை இல்லை, பயிற்சி என்றேன். அக்காவால் முடியாததும் என்னால் முடிந்ததும் ஏன் என்று அப்போது யோசித்தேன். அக்காவுக்கு அவர்மேல் கோபம் இல்லை. எனக்கு நிறைய இருந்தது. அவர் கத்தினாலும் நான் கலங்கவில்லை. ஆனால் கோபம் என் வாயில் இருந்ததே தவிரக் கையில் இல்லை. அந்தப் பிள்ளை காட்டிய எல்லையை நான் ஒருநாளும் தாண்டவில்லை.

ஒரு வசதியும் இருந்தது. கையைப் பிடித்து வைத்திருக்கும்போது கேள்வி கேட்டால் அவரால் எழும்பிப் போக முடியாது.

“ஏன் விழுந்த எண்டு பொய் சொன்னீங்க?”

“பின்ன என்ன சொல்ல? சும்மா நோகுது, அதால ஆத்துக்குப் போகல்ல எண்டா? ஒரு காரணமும் இல்லாம ஒரு ஆம்பிள உன்ர வீட்டில காலை நீட்டிப் படுத்திரிக்கிறதோ?”

“நோகுது எண்டுறது காரணமில்லயா?”

“அது உடம்பு வளையாத பஞ்சிக்காரனும் சொல்லுவான். விழுந்தாத்தான் ஊர் நம்பும்.”

“நான் நம்பியிருப்பன்.”

அவர் நான் காட்டிக் கொடுத்தபடி மூச்சை விட்டார். பிறகு, “கை வராட்டி நான் இஞ்ச இரிக்க மாட்டன் புள்ள. இப்பவே சொல்லிப் போட்டன்” என்றார். கோபத்தில் சொன்னதென்றால் திருப்பி நாலு கதை கதைத்திருப்பேன். அவர் கோபப்படவில்லை. எனக்குப் பயம் வந்தது. அன்றிலிருந்து நான் அந்தக் கையைத் தூக்கியது அவருக்காக மட்டும் இல்லை.

தேத்தண்ணிக்குச் சீனி நிற்பாட்டினோம், நானும் சேர்ந்து நிற்பாட்டினேன். சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டினோம். சுவரில் கோடுகள் மேலே ஏறின. பிடித்துப் பிடித்து என் பெருவிரல் அடியில் நோவு பிடித்தது, அதற்கு யாரிடமும் மருந்து கேட்கவில்லை. மாரி முடிய அவர் வலது கையால் தலை சீவினார். பிறகு முதுகில் தானே சவர்க்காரம் போட்டார். எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் பின்னேரம் ஒன்றும் சொல்லாமல் வலையை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். முழங்காலளவு தண்ணீரில் நின்று, முழங்கையில் போட்டு, பல்லால் கடித்து, திரும்பி எறிந்தார். கை தோள்மட்டம் வரை வந்து அங்கே நின்றது. வலை விரியாமல் நீளமாக விழுந்தது, ஒரு பக்கம் அவருடைய காலிலேயே சுற்றியது. இன்னும் எறிந்தார், அதுவும் அப்படியே. கரையில் வழக்கமான ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து வலையை அலசிக் காயப்போட்டார். பயிற்சிக்குப் பாயை விரித்தேன், படுத்தார். எவ்வளவு தூக்கியும் அவர் கத்தவில்லை.

அடுத்த கிளினிக்குக்குப் போகும் காலையில் அவர் உடுப்புப் பையையும் கையில் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஏறாவூர்ப் பிள்ளை கையை எல்லாப் பக்கமும் தூக்கிப் பார்த்துச் சந்தோசப்பட்டாள். “மாஷா அல்லாஹ், நல்லா வந்திரிக்கி. டீச்சர் நல்லாச் செஞ்சிரிக்கீங்க.” வலை எறியலாமா என்று அவர் கேட்டார். அவள் கையை மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். “அன்றாட வேலைக்கு இது போதும். மிச்சம் மெல்ல மெல்ல வரலாம், வராமலும் போகலாம். வலைய மட்டும் நம்பி இரிக்காதீங்க. பயிற்சிய வீட்டிலயே செய்யிங்க, இனி இங்க வரத் தேவல்ல.”

புளியந்தீவு பஸ் நிலையம் வரை நடந்தோம். அக்கா வீட்டுப் பக்கம் வாகரைக்குப் போகும் பஸ்ஸும் எங்கள் ஊர் வழியாகக் கல்முனைக்குப் போகும் பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் பையைப் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நின்றார். கேட்க மாட்டேன் என்று அவ்வளவு காலம் இருந்த நான் கேட்டேன்.

“வீட்ட வாங்க.”

“அங்க வந்து நான் என்ன செய்யிற?”

“ஒண்டும் செய்ய வேணாம். ஏன் இரிக்கிறீங்க எண்டு ஆரும் கேட்டா, சும்மா இரிக்கிறன் எண்டு சொல்லுங்க. என்னட்டயும் காரணம் ஒண்டும் இல்ல. வாங்க.”

அவர் பையை மற்றக் கைக்கு மாற்றினார். அதற்கு மேல் நின்றால் பஸ் நிலையத்தில் வைத்தே அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. முன்கதவால் கல்முனை பஸ்ஸில் ஏறி, யன்னலோரம் ஒரு இடம் பிடித்து, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன். எந்த பஸ் முதலில் வெளிக்கிட்டது, யார் எதில் ஏறினார்கள், ஒன்றையும் பார்க்கவில்லை. பின்கதவால் ஆட்கள் ஏறி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கல்லடிப் பாலத்தில் போகும்போது கொண்டக்டர் என் பக்கம் வந்து எங்கே என்று கேட்டார். பெரியகல்லாறு, ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன்.

“பெரியகல்லாறு ரெண்டு” என்று எனக்குப் பின்னால் நின்ற ஆள் சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.